மருந்து கேட்கவில்லை என்றால், பழகியது யார்?

கேள்வி: டாக்டர், நான் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் பரிணாமத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. இப்போது உடற்கூறியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன், எங்கேயும் டார்வின் பெயரே வருவதில்லை. என் பெரியப்பா, "அது வெறும் தியரிதானே, குரங்கு மனுஷனானதை யார் பார்த்தது, வைத்தியம் பார்க்க அது எதற்கு" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (அவருக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். பழைய மாத்திரை பழகிப்போச்சு, இப்போதெல்லாம் கேட்கிறதில்லை என்று வேறு புலம்புகிறார்.) உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வேலையில் பரிணாமம் எங்காவது பயன்பட்டிருக்கிறதா?

பதில்:

நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். பயன்படுகிறது, கிட்டத்தட்ட தினமும். நான் தொற்றுநோய் பார்க்கும் மருத்துவன், என் வேலையில் பாதி அதுதான். வார்டில் யாரும் டார்வின் பெயரைச் சொல்வதில்லை என்பது உண்மை. புவியீர்ப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல்தான் டிரிப் பாட்டிலையும் உயரத்தில் மாட்டுகிறோம்.

அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே, பெரியப்பாவின் அந்தப் புலம்பல், அங்கிருந்தே தொடங்கலாம். பரிணாமத்தை யார் பார்த்தது என்று கேட்பவர், தன் சிறுநீர்ப்பையில் அது நடக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு வார்த்தைதான் தவறு: "பழகிப்போச்சு".

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பயிற்சி மருத்துவனாக இருந்தபோது நானும் நோயாளிகளிடம் "உடம்பு இந்த மருந்துக்குப் பழகிடுச்சு, வேற மாத்தித் தரேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ஃபின் மாதிரி வலி மருந்துக்கு உடம்பு பழகும், அது உண்மை, அது வேறு கதை. தொற்றில் மாறுவது உடம்பு அல்ல, கிருமி. அப்புறம் கொஞ்சம் தெளிந்து "கிருமி பழகிடுச்சு" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதுவும் தவறு என்று புரிய இன்னும் சில வருடம் ஆனது.

மருந்தைப் பார்த்துத்தான் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறதா, அல்லது மருந்து வருவதற்கு முன்பே ஒன்றிரண்டு கிருமிகளிடம் அந்த மாற்றம் தற்செயலாக இருக்கிறதா? இந்தக் கேள்வியை 1943-இல் சால்வடார் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்ற இருவர் தீர்த்துவைத்தார்கள். ஒரு நடன விருந்தில் நண்பர் ஒருவர் சூதாட்ட எந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் லூரியாவுக்கு யோசனை வந்ததாம்: அந்த எந்திரம் பெரும்பாலும் ஒன்றும் தராது, எப்போதாவது மொத்தமாகக் கொட்டும். தனித்தனிக் குழாய்களில் கொஞ்சம் கொஞ்சம் பாக்டீரியாவைப் போட்டு வளரவிட்டு, பிறகு ஒவ்வொரு குழாயையும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் தடவிய தட்டில் தனித்தனியாக ஊற்றினார்கள். வைரஸைத் தொட்ட பிறகுதான் கற்கின்றன என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைத்திருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. பல தட்டுகளில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் மட்டும் ஏராளம். அதாவது அந்தச் சில குழாய்களில் வைரஸ் வருவதற்கு வெகு முன்பே ஒரு கிருமியில் மாற்றம் நேர்ந்து, அதன் வாரிசுகள் பெருகிவிட்டிருந்தன. 1969-இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடு சேர்த்து.

ஆக யாரும் பழகவில்லை. செத்தவை செத்தன, பிழைத்தவை பெருகின, அடுத்த முறை நாம் சந்திப்பது பிழைத்தவற்றின் பேரப்பிள்ளைகளை. நெல்வயலில் சில களைப்புல் அசல் நெற்பயிர் மாதிரியே நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது நெல்லைப் பார்த்து வேஷம் போடவில்லை. வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் தலைமுறை தலைமுறையாக நாமே பிடுங்கினோம், தெரியாதது விதை போட்டது, அவ்வளவுதான். (எதிர்ப்பு மரபணுவை ஒரு பாக்டீரியா பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுப்பதும் உண்டு. அது உங்கள் நுண்ணுயிரியல் பாடத்தில் வரும். அங்கேயும் கடைசியில் யார் நிலைக்கிறார்கள் என்பதை முடிவு செய்வது இயற்கைத் தேர்வுதான், அதாவது பிழைத்தது பெருகும் என்ற இதே கதைதான்.)

"பழகியது", "பிழைத்தது", இரண்டும் வெறும் சொல் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். மருந்துச் சீட்டு எழுதும்போது தெரியும் வித்தியாசம். காசநோய்க்கு ஏன் முதலில் நான்கு மருந்து கொடுக்கிறோம்? கற்றுக்கொள்ளும் கிருமி என்று நினைத்தால், ஒன்று கொடு, அது பழகியதும் அடுத்ததைக் கொடு என்றுதான் தோன்றும். 1940-களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆனது தெரியுமா? சில வாரம் நோயாளி அசத்தலாகத் தேறுவார், அப்புறம் பலருக்குத் திரும்ப வரும், இம்முறை மருந்து கேட்காத கிருமியோடு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐசோனியசிட் மருந்துக்குத் தற்செயலாகவே எதிர்ப்புள்ள காசக்கிருமி தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும், ரிஃபாம்பிசினுக்குப் பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் பத்துக் கோடி கிருமி சாதாரணமாக இருக்கும். ஆகவே எந்த ஒரு மருந்தைத் தனியாகக் கொடுத்தாலும், அதற்குத் தப்பிக்கும் ஆள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒருசேரத் தப்பிக்கும் கிருமி வேண்டுமென்றால் இரண்டு வாய்ப்பையும் பெருக்க வேண்டும், நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. கூட்டுச் சிகிச்சைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இவ்வளவுதான், இதில் பரிணாமத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. கேட்காமல் போன சிகிச்சையில் ஒரே ஒரு புது மருந்தை மட்டும் சேர்க்காதே என்று சீனியர்கள் கத்துவார்கள் பாருங்கள், அதுவும் இதே கணக்கால்தான்.

எச்ஐவியில் இதே படம் வேகமாக ஓடும். முதல் மருந்தான ஜிடோவுடின் 1987-இல் வந்தது, 1989-லேயே எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டார்கள். சிகிச்சை இல்லாத ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோடி வைரஸ் உருவாகும், அதன் மரபணுத் தொகுதியோ பத்தாயிரம் எழுத்துகூட இல்லை, நகலெடுப்பதிலோ பிழை அதிகம். எந்த ஒற்றை எழுத்து மாற்றமும் அநேகமாகத் தினமும் எங்காவது நேர்ந்துகொண்டிருக்கும். 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நோயாளிகள் பிழைத்து எழுந்தார்கள்.

இப்போது கொஞ்சம் சர்ச்சையான இடத்துக்கு வருகிறேன். "கோர்ஸை முழுசா முடி, இல்லாவிட்டால் கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிடும்" என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1945-இல் பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் தன் நோபல் உரையில், தொண்டைவலிக்குப் போதாத அளவு பென்சிலின் போட்டுக்கொள்ளும் ஒருவரைக் கற்பனையாகச் சொல்லி எச்சரித்தார். கிருமிக்கு நாமே பாடம் கற்பிக்கிறோம் என்ற பொருளில்தான் அவரும் பேசினார், ஆகவே "பழகிடுச்சு" என்று சொன்னதற்காக நீங்களும் நானும் வெட்கப்பட வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் உதாரணத்தில் வந்த தொண்டைக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அது இன்றைக்கும் பென்சிலினுக்குக் கேட்கிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமிதான் சில வருடத்திலேயே தப்பியது. அதற்கென்று கொண்டுவந்த மெத்திசிலினுக்கும் 1961-லேயே தண்ணி காட்டிவிட்டது.

சரி, பரிணாமக் கண்ணோடு இந்த விதியைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் நோய்க்கிருமி மட்டும் அடிவாங்குவதில்லை. குடலிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவும் அடிவாங்குகின்றன, அங்கேயும் தேர்வு நடக்கிறது. நாளைக்குச் சிறுநீர்ப்பையில் ஏறி உட்காரப்போவது பெரும்பாலும் அந்தக் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாதான். அப்படியென்றால் பல தொற்றுகளில் தேவைக்கு மேல் நீட்டிக்கும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்பைக் குறைக்காது, கூட்டும். அதனால்தான் இப்போது சாதாரண நிமோனியாவில் நோயாளி நன்றாகத் தேறிவருகிறார் என்றால் 5 நாளில் நிறுத்துகிறோம். காசநோயில் அப்படிச் செய்தால் கொலை. அங்கே மெதுவாகப் பெருகும் கிருமி ஒளிந்து கிடக்கிறது, அதனால் வழக்கமான சிகிச்சையே 6 மாதம். இரண்டும் முரண்பாடு மாதிரித் தெரியும். "எந்தக் கிருமி, உடம்பில் எங்கே, எந்த மருந்தின் அழுத்தத்தில்" என்று கேட்டுப்பாருங்கள், முரண்பாடு காணாமல் போகும். இதைப் படித்துவிட்டு நோயாளிகள் யாரும் பாதியில் நிறுத்திவிட வேண்டாம், எத்தனை நாள் என்பதைக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எதிர்ப்பு சில சமயம் கிருமிக்கே சுமையாக இருக்கும். மலாவி நாட்டில் மலேரியாவுக்கு குளோரோகுயின் கேட்காமல் போனதால் 1993-இல் அதை நிறுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அங்கே மறுபடி சோதித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அது கேட்டது! மருந்து இல்லாத இடத்தில் அந்த எதிர்ப்பைச் சுமந்த ஒட்டுண்ணிகள் மற்றவற்றோடு போட்டி போட முடியாமல் பின்தங்கிவிட்டன. எல்லாக் கிருமியிலும் இப்படி நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், பல கிருமிகள் அந்தச் சுமையை ஈடுகட்டும் வேறு மாற்றங்களைப் பெற்றுவிடுகின்றன.

புற்றுநோயும் இதே கதைதான் என்று பீட்டர் நோவல் என்ற புற்றுநோய் ஆய்வாளர் 1976-இல் எழுதினார். கட்டி என்பது ஒரே மாதிரி செல்களின் மூட்டை அல்ல, போட்டியிடும் பல வம்சங்களின் கூட்டம். மருந்து கொடுத்ததும் கட்டி கரைந்து, பிறகு அதே மருந்துக்குக் கேட்காமல் திரும்புவதை வார்டில் நீங்களே பார்ப்பீர்கள்.

இனி உங்கள் உடற்கூறியலுக்கு வருவோம், ஏனென்றால் உங்களுக்கு உடனடியாகக் கைகொடுப்பது இதுதான். குரல் நாணை அசைக்கும் ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பைப் படித்திருப்பீர்கள். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளை அது. குரல்வளை இருப்பது கழுத்தில். இடப்பக்க நரம்போ குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோர்ட்டாவைச் சுற்றிக்கொண்டு, திரும்பக் கழுத்துக்கு ஏறி வருகிறது. வலப்பக்கம் இவ்வளவு கீழே போகாது, சப்கிளேவியன் தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். ஒட்டகச்சிவிங்கியிலும் இதே பாதை, பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற மாதிரி மீட்டர் கணக்கில் இறங்கி ஏறும். புதிதாக வரைபடம் போடும் எந்தப் பொறியாளரும் இப்படி ஒயர் இழுக்க மாட்டார்.

மீனில் இது குழப்பமே இல்லை. செவுள் வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தமனி, ஒரு நரம்பு, எல்லாம் வரிசையாக, நேராக. நம் கருவிலும் அந்த வளைவுகள் தோன்றுகின்றன. பிறகு கழுத்து நீள, இதயம் நெஞ்சுக்குள் இறங்க, தமனிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நரம்பும் அதோடு இழுபட்டுப் போகிறது. தைராய்டு அறுவையில் இந்த நரம்பை ஏன் பயந்து பயந்து தேடுகிறார்கள், பல வாரமாகக் குரல் கம்மியிருக்கிறது என்று வருபவருக்கு ஏன் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்க்கிறோம் (இடது நுரையீரலில் கட்டி இருந்து நரம்பை அழுத்தலாம்) என்பதெல்லாம் இந்தப் பழைய செவுளின் மிச்சம். மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும், காரணத்தோடு படித்தால் நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நான் இரண்டாம் ஆண்டில் இதை வெறும் உருப்போட்டுவிட்டு வாய்மொழித் தேர்வில் இடது எது வலது எது என்று திணறியவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உயிர்வேதியியலில் இது இன்னும் ஆழம். எலியில் சோதித்த மருந்து மனிதனுக்கு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க என்ன உரிமை இருக்கிறது நமக்கு? உறவுதான். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம், மாட்டு இன்சுலினில் மூன்று. அதனால்தான் பல பத்தாண்டுகள் அவை சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றின. 1982-இல் பாக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் மரபணுவைக் கொண்டுபோய் ஈ.கோலிக்குள் வைத்தால் அது வாசிக்கிறதே, எழுத்தும் இலக்கணமும் ஒன்றாக இல்லாமல் அது எப்படி முடியும்? பால் நர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1987-இல் செய்தது இன்னும் வியப்பு: செல் பிரிவதற்கான மரபணு பழுதான ஈஸ்டுக்குள் மனித மரபணுக்களைப் போட்டுப் பார்த்தார்கள், அதில் ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டு ஈஸ்டைப் பிரிய வைத்தது. ஈஸ்டும் நாமும் பிரிந்து நூறு கோடி ஆண்டு போல ஆகிறது, சாவி இன்னும் பூட்டுக்குப் பொருந்துகிறது.

குரங்கு மனுஷனான விஷயத்தைப் பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பெரியப்பா மகன் உங்களுக்குத் தகப்பன் இல்லையே, இருவருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதானே. சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. ஈஸ்ட் ரொம்பத் தூரத்துப் பங்காளி.

"வெறும் தியரி" என்பதற்கு வருகிறேன். கல்லூரியில் தியரி, பிராக்டிகல் என்று இரண்டு பரீட்சை எழுதிப் பழகியதால் தியரி என்றால் கைக்கு உதவாதது என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் தியரிதான், அதை நம்பித்தான் அறுவைக்கு முன் கை கழுவுகிறோம். தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது, பாடப்புத்தகத்தில் "பரிணாம வளர்ச்சி" என்று போட்டுவிட்டார்கள். வளர்ச்சி என்றதும் படிப்படியாக மேலே ஏறி உச்சியில் மனிதன் நிற்கிற படம் மனதில் விழுந்துவிடுகிறது. ஆனால் குகைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்து பார்வையை இழந்த மீனும் பரிணாமம்தான், வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம் முன்னோரில் பழுதாகிப்போனதும் பரிணாமம்தான். நான் வெறும் "பரிணாமம்" என்றே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

யார் பார்த்தது என்கிறாரா? ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் 12 குடுவைகளில் ஈ.கோலியை வளர்க்கத் தொடங்கி, தினமும் புதுக் கரைசலுக்கு மாற்றி, 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி எடுத்து உறையவைத்து வந்தார். முப்பத்தோராயிரம் தலைமுறை தாண்டியதும் பன்னிரண்டில் ஒரே ஒரு குடுவைக் கூட்டம், ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலியால் சாப்பிட முடியாத சிட்ரேட்டைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. பொறுமை இல்லையென்றால் ஹார்வர்டில் ராய் கிஷோனி குழுவினர் 2016-இல் வெளியிட்ட காணொளியைக் காட்டுங்கள். 120 சென்டிமீட்டர் நீளத் தட்டு, ஓரத்தில் மருந்தே இல்லை, நடுவை நோக்கிப் போகப் போக மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு வரை ஏறும். பாக்டீரியா ஒவ்வொரு எல்லையிலும் முட்டி நிற்கும், எங்கோ ஒரு புள்ளியிலிருந்து ஒன்று மட்டும் விசிறியாகப் பரவும், மறுபடி முட்டும். சுமார் 11 நாளில் நடுவுக்கு வந்துவிடும். நான் எத்தனையோ முறை பார்த்தாயிற்று, இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இந்தச் சிந்தனை பிடித்துப்போனால் எல்லாவற்றுக்கும் பரிணாமக் கதை கட்டும் ஆசை வரும். இரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கும் அரிவாள் செல் மரபணு இவ்வளவு பேரிடம் ஏன் இருக்கிறது, ஒற்றைப் பிரதி உள்ளவர்களை அது கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954-இல் ஆன்டனி அலிசன் ஆதாரத்தோடு காட்டினார். அது மாதிரி ஆதாரம் இருந்தால் சரி. "கற்கால மனிதன் இதைத்தான் சாப்பிட்டான், அதனால் நீயும் சாப்பிடு" என்று விற்க வருபவரிடம் டார்வின் பெயர் இருக்கும், ஆதாரம் இருக்காது.

கடைசியாக, உங்கள் பெரியப்பா. வாதம் செய்து ஜெயிக்க வேண்டாம், வயதானவர், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது என்கிறீர்கள், அதுதான் எனக்கு முதல் கவலை. மிச்சம் வைத்த பழைய மாத்திரையைத் தானாக எடுத்துப் போடுகிறாரா என்று விசாரியுங்கள். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறதா, சிறுநீர் கழித்த பிறகும் பையில் தேங்குகிறதா என்று ஒரு ஸ்கேனில் பார்த்துவிடச் சொல்லுங்கள். தேங்கினால் எந்த மாத்திரை போட்டாலும் திரும்பத் திரும்ப வரும். அடுத்த முறை எரிச்சலும் காய்ச்சலும் வந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கு நேராகவும் எஸ் அல்லது ஆர் என்று போட்டிருப்பார்கள், எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவருடைய பழைய மாத்திரைக்கு நேரே ஆர் இருந்தால், "பழகினது நீங்களும் இல்லை பெரியப்பா, கிருமியும் இல்லை" என்று ஆரம்பியுங்கள், மிச்சத்தை அவரே கேட்பார்.